மழை நாளில் வராத பிள்ளை
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்விக்கு உதவுதல்" என்ற தலைப்பில் பேசும்படி கேட்டிருந்தார்கள். பெரிய தலைப்பு. முப்பத்தொரு வருடம் கொழும்பு வடக்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். எனக்குத் தெரிந்தது வகுப்பறை. அதனால் ஒரு வரவு இடாப்பிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு ஒன்றுக்கு நான் வகுப்பாசிரியை. அந்த வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்திலிருந்து வருவான். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று இங்கிருக்கும் உங்களுக்குத் தெரியும். ஒரு முடுக்குக்குள் நெருக்கமாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், காலையில் அந்தக் குழாயடியில் வரிசை. தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் இருந்தாற்போல் ஒரு நாள், இரண்டு நாள் வரமாட்டான். மறுநாள் கேட்டால் "காய்ச்சல் டீச்சர்" என்பான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம். வராத நாளுக்குச் சிவப்பு மையில் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் தவணையில் அவன் நின்றுவிட்டான். தகப்பனோடு புறக்கோட்டைக்குப் போகிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

வருட முடிவில் இடாப்பைக் கூட்டி வரவு வீதம் எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவனுடைய வரியை முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம்வரை ஒரே மூச்சில் பார்த்தேன். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சிவப்பு அடையாளம் மிகக் குறைவு. மே மாதக் கடைசியில் திடீரென்று கூடுகிறது. பிறகு ஒக்டோபரில் வரிசையாக. அந்த நாட்களில் வகுப்பின் மொத்த வரவும் குறைந்திருந்தது. மழை. மழை பெய்த நாளில் மற்றப் பிள்ளைகள் சிலர் வரவில்லை, மறுநாள் வந்துவிட்டார்கள். இவன் மழைக்கு மறுநாளும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை.

தோட்டத்துக்குப் போய்த் தாயைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒரே சோடி சப்பாத்து டீச்சர். நனைஞ்சா ரெண்டு நாள் காயாது. செருப்போட போனா கேட்ல நிப்பாட்டுறாங்க. எல்லாரும் பாக்குறாங்கன்னு அவனுக்கு வெட்கம்."

இரண்டாவது சோடி சப்பாத்து. அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த விலையில் நின்றிருந்தது. அவனுக்கு இலாப நட்டக் கணக்குப் படிப்பித்தவள் நான். என் கையிலேயே இருந்த இடாப்பை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். அதற்குள் அவன் உழைக்கும் காசு வீட்டுக்குத் தேவையாகிவிட்டது. அவன் வரவில்லை. இன்றைக்கு நான் சொல்லவந்தது முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து படித்ததுதான்.

நாம் இலவசக் கல்வி உள்ள நாட்டில் இருக்கிறோம். அதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் அரசாங்க, உதவிபெறும் பள்ளிக்கூடங்களில் கட்டணம் நீங்கியது. கீழ்வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை படிப்புக்குக் காசில்லை என்ற நிலை அன்று பிறந்தது. யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம், கே. நேசையா போன்ற ஆசிரியர்கள் அந்தக் கொள்கைக்குத் துணைநின்றார்கள். அது நடந்திராவிட்டால் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களில் பாதிப் பேர் இங்கே இருந்திருக்கமாட்டோம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1980இல் பாடப்புத்தகம் இலவசமானது. 1993இல் சீருடைத் துணி இலவசமானது. ஏன்? கட்டணம் நீங்கியும் பிள்ளைகள் நின்றார்கள். புத்தகம் இல்லாமல் நின்றார்கள். புத்தகம் கிடைத்த பிறகு உடுப்பு இல்லாமல் நின்றார்கள். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு பூட்டியிருந்தது. ஒவ்வொரு கதவாக அரசு திறந்துவந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? புலமைப்பரிசில். புலமை ஒரு சொல், பரிசில் ஒரு சொல். வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தங்கி, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்கட்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பரிசில் என்றால் வாழ வழி செய்து கொடுப்பது. நம்முடைய புலவர்கள் வள்ளல்களிடம் பெற்றது அதைத்தான். இன்று அந்தப் பரீட்சை பெரிய பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் போட்டியாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறார்கள். புலமையைப் பிடித்துக்கொண்டோம், பரிசிலைக் கைவிட்டோம்.

சரி, இன்றைக்கு எந்தக் கதவு பூட்டியிருக்கிறது? ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு வீட்டிலிருந்து போகும் காசை எண்ணிப் பாருங்கள். சப்பாத்து, காலுறை, புத்தகப்பை. கொப்பிகள், கொம்பாஸ் பெட்டி. பஸ் காசு. ஒப்படை செய்வதற்கு அட்டையும் பசையும் கலர் பேப்பரும். போட்டோகொப்பி. பள்ளிக்கூடம் வாங்கும் வசதிகள், சேவைகள் கட்டணம். ஆசிரியர் தினத்துக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, சுற்றுலாவுக்கு என்று வகுப்பில் சேர்க்கும் காசு. எதுவும் தனியாகப் பெரிய தொகை இல்லை. அதனால்தான் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. ஆனால் நாட்கூலி வீட்டில் இந்தக் காசு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எதிராக நிற்கிறது.

2022ஐ நாங்கள் யாரும் மறக்கவில்லை. கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். எரிபொருள் இல்லையென்று ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அடுத்த வருடம் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு கணிப்பீடு செய்தது. கல்வி கற்கும் வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் படிப்பை நெருக்கடி பாதித்திருந்தது. வீடுகள் அதிகம் கைவைத்தது கொப்பியிலும் உடுப்பிலும்தான். பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து, புதுக் கொப்பியாக்கிக் கொண்டுவந்த பிள்ளைகளை என்னோடு படிப்பித்தவர்கள் பார்த்தார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீனா அன்பளிப்பாகத் தந்த சீருடைத் துணியைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். 2024இல் ஜனாதிபதி நிதியத்திலிருந்து ஒரு இலட்சம் மாணவர்களுக்கு மாதம் 3,000 ரூபா வீதம் உதவித்தொகை அறிவித்தார்கள். அதே வருடம் பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா வவுச்சர் வந்தது. 2025 பள்ளி வருடத்துக்கு அரசின் அஸ்வெசும நிவாரணம் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காகிதாதிகள் வாங்க 6,000 ரூபா கொடுத்தார்கள். இவை எல்லாம் எதைச் சொல்கின்றன? கட்டணமில்லாத படிப்புக்கும் காசு வேண்டும் என்பதை அரசே ஒத்துக்கொண்டுவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கச் சில ஆயிரம் ரூபா போதும் என்பதையும் ஒத்துக்கொண்டுவிட்டது.

அப்படியானால் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த மண்டபத்துக்கு வெளியே, காலி வீதியில், 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். அது பம்பலப்பிட்டியைத் தாண்டி, மருதானையைத் தாண்டி, வடக்கே மட்டக்குளிவரை போகும். ஒரே பஸ், ஒரே நகரம், இரண்டு முனையிலும் நம்முடைய பிள்ளைகள். இந்த முனையில் தொடர்மாடிகளும் ரியூசன் வகுப்புகளும். அந்த முனையில் முகத்துவாரம், புளூமெண்டல், ஜம்பட்டா வீதி, அவற்றுக்குள் தோட்டங்கள். அங்கே வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தப் பெயரில் முகவரி இல்லை. மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள், வாடகைக்கு ஓர் அறையில் இரண்டு குடும்பமாக இருப்பவர்கள். அரசின் உதவிக்கு விண்ணப்பப் படிவம் உண்டு. படிவத்தில் முகவரி கேட்கும், பிறப்புச் சான்றிதழ் கேட்கும், கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் கேட்கும். நாட்கூலிக்குப் போகும் தாய் அதற்காக மூன்று நாள் வேலையை விடவேண்டும். பட்டியலுக்குள் வந்த பிள்ளைக்கும் காசு வருவதற்கு ஒரு காலம் உண்டு. சப்பாத்துப் பிய்வதற்குக் காலம் இல்லை. அந்த இடைவெளியில்தான் பிள்ளை நிற்கிறது. அந்த இடைவெளிதான் நம்முடைய வேலை.

சின்னக் காசால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. உலகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2008இல் மொரோக்கோவின் கிராமங்களில் பிள்ளைகளின் பெற்றோருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். பிள்ளை இத்தனை நாள் வந்தால்தான் காசு என்று சில ஊர்களில் நிபந்தனை போட்டார்கள். வேறு ஊர்களில் நிபந்தனை இல்லை. இது பிள்ளையின் படிப்புக்கான காசு என்று பெயர் மட்டும் சொல்லி, பள்ளிக்கூடத்திலேயே பதிந்து கொடுத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் கூட இருந்தவர்களும் அதன் விளைவைப் பார்த்தார்கள். பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்த ஊர்களிலேயே பிள்ளைகள் நன்றாக நிலைத்துவிட்டார்கள். நிபந்தனை அதற்குமேல் அதிகம் சேர்க்கவில்லை. உங்கள் பிள்ளையின் படிப்பை ஊர் மதிக்கிறது என்ற செய்தி காசோடு சேர்ந்து போயிருக்கிறது.

ஆபிரிக்காவில் மலாவி என்ற ஏழை நாடு. அங்கே சொம்பா என்ற மாவட்டத்தில் வளரிளம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தொடர்வதற்காகக் குடும்பங்களுக்குக் காசு கொடுத்தார்கள். சில குடும்பங்களுக்கு மாதம் 5 டொலர், சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக, அதிகபட்சம் 15 டொலர். கூடக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக நிலைத்தார்களா என்று பார்த்தால், பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய தொகையே அந்த வேலையைச் செய்திருந்தது. நமக்குப் பக்கத்தில் வங்காளதேசம் 1994 முதல் நாடு முழுவதும் கிராமத்து மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்து கொடுத்தது. பெண்பிள்ளைகளால் உயர்வகுப்புகள் நிரம்பின.

நமக்கு இது மொரோக்கோ சொல்லித் தெரியவேண்டிய விஷயமும் இல்லை. என் பாட்டி உலைக்கு அரிசி போட முன் ஒரு பிடி அள்ளி அடுப்புக்குப் பக்கத்து முட்டியில் போடுவார். பிடியரிசி. முட்டி நிறைந்ததும் வந்து வாங்கிப்போவார்கள். கோயிலுக்குப் போகும், மடத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், எங்களுக்கே காணாதே, ஏன் கொடுக்கிறீர்கள் என்று. "ஒரு பிடி குறைஞ்சால் ஒருத்தருக்கும் பசிக்காது பிள்ளை, ஒவ்வொரு நாளும் போடவேணும், அதுதான்" என்றார். கல்யாணத்துக்கு ஒரு மூட்டை கொடுப்பது வேறு. இது நாள்தோறும் அடுப்படியில் நடப்பது.

அப்படிச் சேர்ந்த சிறுகாசிலும் பெருங்காசிலும்தான் 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகள் நின்றன. இந்துபோர்ட் இராசரத்தினம் என்று சனம் சொன்ன மனிதரின் உழைப்பால் அந்தச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களை நடத்தியது. கொழும்பிலும் அந்த மரபு உண்டு. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே வந்து இறங்கினார். ஐந்து வருடத்தில், 1902இல், விவேகானந்த சபை பிறந்து கொழும்பு வடக்கில் பள்ளிக்கூடமும் நடத்தியது. இந்த வெள்ளவத்தையில் சைவமங்கையர் கழகத்துப் பெண்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கத் துறவிகளும் கன்னியாஸ்திரிகளும் நூற்றைம்பது வருடமாகப் பிள்ளைகளைப் படிப்பித்துவருகிறார்கள். அவர்கள் கட்டடத்தைத் தந்துவிட்டார்கள். கட்டடத்துக்குள் பிள்ளையை வைத்திருப்பது நம்முடைய தலைமுறையின் பங்கு.

இப்போது எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னோடு படிப்பித்த சிலர் சேர்ந்து ஒரு சிறு வட்டமாக வேலை செய்கிறோம். பெயர்ப்பலகை இல்லை, பற்றுச்சீட்டுப் புத்தகம் உண்டு. மாதம் 1,000 ரூபா தருபவர்கள் நாற்பது சொச்சம் பேர். அதில் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

முதல் வருடம் ஒரு பிழை விட்டோம். அதை மறைக்காமல் சொல்வது உங்களுக்குப் பயன்படும். உதவி வழங்கும் விழா என்று ஒன்று வைத்தோம். பதாகை அடித்தோம், மேடை போட்டோம், குத்துவிளக்கு ஏற்றினோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிட்டுப் பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெயரைக் கூப்பிட்டும் எழும்பவில்லை. பின்வரிசையில் குனிந்தபடி இருந்தாள். பொதியைத் தாய் வந்து வாங்கினார். அடுத்த வாரம் முழுவதும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எங்க லேன் பிள்ளைங்க எல்லாம் அங்க இருந்தாங்க டீச்சர்."

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வரவைக்கக் கொடுத்த காசு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டியது. பதாகைக்கும் மேடைக்கும் போன காசைப் பிறகு கணக்குப் பார்த்தேன். நாலு சோடி சப்பாத்து வாங்கியிருக்கலாம்.

அன்றோடு மேடையை விட்டோம். இப்போது செய்வது இதுதான். மாத முடிவில் வகுப்பாசிரியர் இடாப்பைப் பார்ப்பார். ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளை இருந்தால் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போவோம், அல்லது தாயோடு தொலைபேசியில் பேசுவோம். ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்றுதான் பதில் வரும். அதனால், "வாறதுக்கு என்ன குறையுது?" என்று கேட்போம். அப்போது உண்மை வரும். ஒரு வீட்டில் சப்பாத்து. ஒரு வீட்டில் மூக்குக்கண்ணாடி. பலகை தெரியாத பிள்ளை, பேச்சு வாங்குவதற்குப் பயந்து நிற்கிறது. ஒரு வீட்டில் மாதத்தில் நாலு நாள் பெண்பிள்ளைக்கு வேண்டியது இல்லை. ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அது பண்டாரவளைப் பக்கத்தில் எங்கோ பதியப்பட்டிருக்கிறது. போய்வரப் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் கொடுத்தோம். அந்தச் சின்னத் தொகையால் ஒரு பிள்ளை பரீட்சை எழுதியது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துக் கடையோடும் ஒரு புத்தகக் கடையோடும் பேசி வைத்திருக்கிறோம். பிள்ளையிடம் ஒரு சிறு சீட்டு. தாயோடு கடைக்குப் போகும். அளவு பார்க்கும், போட்டு நடந்து பார்க்கும், இது வேண்டாம் அதை எடுங்கள் என்று சொல்லும். கடைக்காரர் சீட்டை வாங்கி லாச்சியில் போடுவார். வேறு பேச்சு இல்லை. மாத முடிவில் நாங்கள் கணக்குத் தீர்ப்போம். ஒருநாள் அந்தக் கடையில் நான் நின்றபோது ஒரு சின்னப் பெண் இரண்டு புத்தகப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் யோசித்தாள். ஒன்று நீலம், ஒன்று மண்ணிறம். தாய் அவசரப்படுத்தினார். நான் பேசாமல் நின்றேன். தெரிவு செய்யும் அந்தக் கால்மணி நேரத்தை அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

சப்பாத்து எப்போதும் இரண்டு சோடி. அது எங்கள் வட்டத்தில் எழுதாத சட்டம். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

எங்களிடம் வந்து சிலர் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இது அரசின் கடமை அல்லவா? ஆம், அரசின் கடமை. அதைக் கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை. விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு. ஆனால் அரசு வரும்வரை வகுப்பு காத்திருக்காது. பின்னக் கணக்கை ஒரு மாதம் தவறவிட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு வரும் எல்லாக் கணக்கும் பிறமொழியாகிவிடும்.

காசு கொடுத்தால் தகப்பன் குடித்துவிடமாட்டானா? சில வீடுகளில் நடக்கலாம். அதற்காகத்தான் கடையும் சீட்டும். ஆனால் அந்தச் சந்தேகத்தை எல்லா ஏழை வீட்டின் மேலும் போடாதீர்கள். நான் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையைத் தாய்மார் பொலித்தீனில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே பிரயோசனம்? இந்தக் கேள்விதான் முக்கியமானது. நம்முடைய சங்கங்கள் கொடுக்கும் பரிசுகளைப் பாருங்கள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குத் தங்கப்பதக்கம். புலமைப்பரிசில் சித்தியெய்திய பிள்ளைக்கு மடிக்கணினி. நல்லது, கொடுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை நீங்கள் கொடுக்காவிட்டாலும் அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் இருக்கும். நிற்கப்போகும் பிள்ளை மேடைக்கு வராது, பட்டியலில் வராது, யாரிடமும் கேட்காது. ஏழாம் எட்டாம் வகுப்பில் அறுபது புள்ளி எடுத்துக்கொண்டு, பின்வாங்கில் இருந்துகொண்டு, ஒரு மழை நாளில் காணாமல் போகும். கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசு கொடுப்பதோடு, வந்துகொண்டிருப்பதற்குத் துணை கொடுப்பதையும் நாம் பழகவேண்டும்.

சின்னக் காசால் முடியாததும் உண்டு. வீட்டுக்கு உழைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளையை ஒரு சோடி சப்பாத்தால் திருப்பிக் கொண்டுவர முடியாது. என் வகுப்பில் இருந்த அந்தப் பையனை என்னால் திருப்ப முடியவில்லை. அதற்கு நல்ல கூலியும் நல்ல வீடும் வேண்டும்.

ஒன்றை மட்டும் வெள்ளவத்தையில் நின்று சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 2016 முதல் பதினாறு வயதுவரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டின் விதி. 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் பதினாறாக உயர்ந்தது. அப்படியிருந்தும் மலையகத்திலிருந்து வந்து, நம்முடைய தொடர்மாடிகளின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும் பிள்ளை ஒன்றை உங்களில் யாராவது பார்த்திருந்தால், அந்தப் பிள்ளைக்கும் ஒரு வரவு இடாப்பில் ஒரு வரி இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி எந்த மாதத்தில் சிவப்பாகத் தொடங்கியது என்று யாரும் பார்க்கவில்லை.

நான் உங்களிடம் பெரிய நிதியம் தொடங்கச் சொல்லவில்லை. உங்களில் பலர் பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நுழைவாயில் வளைவு கட்டியிருக்கிறீர்கள், மண்டபத்துக்கு ஓடு போட்டிருக்கிறீர்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருப்பவர்கள் காசு அனுப்புகிறார்கள். உங்கள் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் நாளைக் காலை ஒரு கேள்வியைப் போடுங்கள். "எங்கள் பள்ளிக்கூடத்தில் போன மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு வாறதுக்கு என்ன குறையுது?" அதிபரிடம் கேளுங்கள். தொகை சின்னதாகத்தான் வரும். அதை மாதாமாதம் கொடுங்கள். பாட்டி முட்டியில் போட்ட பிடியரிசியைப் போல, அடுப்பு எரியும் நாளெல்லாம்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். புறக்கோட்டையில் சில வருடத்துக்கு முன் கண்டேன். தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, "டீச்சர்" என்று ஓடிவந்தான். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் என்று சொன்னான். "ரெண்டு சோடி எடுத்து வச்சிருக்கேன் டீச்சர்" என்றான். நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான்.

அவனுக்கு நான் கொடுக்கத் தவறியதை அவன் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். அப்படிக் கொடுக்க முடியாத தகப்பன்மார் 155ஆம் இலக்க பஸ் போகும் வழியெல்லாம் இருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன் அவர்களுடைய வீடுகளுக்குப் போவோம்.